புள்ளி நின்றுபோன பதினொரு நாள்

தல்லாகுளம், மதுரை
6.4.2025, ஞாயிறு

அன்பு மகள் அஸ்வினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பா பவதாரிணியும் கரையில் கால் வைத்து, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் இந்தச் சுகம் என்ற சொல்லை எழுதக் கை வந்தது. மூன்று வருஷமாக உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை, அதனால் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு வலது முழங்கால் வலி இருக்கிறது, படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லியும் ஒரு நாளைக்கு ஆறு தடவை மாடிக்கு ஏறுகிறாள், எதற்கென்று பின்னால் எழுதுகிறேன். இங்கே பங்குனியிலேயே அக்கினி வெயில் அடிக்கிறது, பதினோரு மணிக்கு மேல் ரோட்டில் பைக்குகளைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை, கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. போன வாரம் நீ எனக்கு அனுப்பிய செய்தியை நாலைந்து தடவை படித்தேன். போட்டை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடவா, இல்லை இப்படியே இருக்கவா, நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் அப்பா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதிலை ஃபோனில் கட்டை விரலால் தட்ட எனக்கு வரவில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. உங்கள் போட்டிலிருந்து சேதி வராமல் இருந்த நாட்களில் இங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் லங்காவியில் அந்தப் பாய்மரப் போட்டை வாங்கிக் குடி போனதிலிருந்து நான் உங்களைத் தலை முழுகிவிட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். நீ வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் அடுத்த அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அம்மா கூப்பிட்டாலும் வர மாட்டேன். ஆனால் போட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க நீ அம்மாவுக்கு ஒரு லிங்க் அனுப்பினாயே, அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள் அதை என் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அதைத் திறந்து அட்சரேகை தீர்க்கரேகை இரண்டையும் குறித்துக்கொள்வேன். முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்தவன், புலப்படம் வரையும் பெரிய தாள் வீட்டில் மிச்சம் கிடந்தது, அதில் கோடு போட்டு உங்கள் போட்டுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். லங்காவியில் போட்டைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டிப் பெயிண்ட் அடித்த நாலு மாதம், புக்கெட்டில் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நங்கூரம் போட்டுக் கிடந்த ஒன்பது நாள், திருகோணமலையில் மழை ஓயக் காத்திருந்தது, மாலத்தீவில் தீவு தீவாகத் தெற்கே இறங்கியது எல்லாம் என் தாளில் இருக்கிறது. பீரோவில் என் சர்வீஸ் காகிதங்களுக்கு அடியில் வைத்திருந்தேன். உன் அம்மாவுக்கே தெரியாது.

மார்ச் ஐந்தாம் தேதி மாலத்தீவின் தென்கோடியிலிருந்து செஷல்ஸுக்குப் புறப்பட்டீர்கள். ஒன்பது பத்து நாள் ஓட்டம், அதுவரைக்கும் ஃபோன் வராது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாய், அதனால் அவள் நிம்மதியாக இருந்தாள். நாலு நாள் புள்ளி ஒழுங்காக நகர்ந்தது, ஒரு நாளைக்கு நூற்றிருபது கடல் மைல் வீதம். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு தெற்கு இரண்டு டிகிரி இருபத்தொரு நிமிடம், கிழக்கு அறுபத்தைந்து டிகிரி பதினாலு நிமிடம். அதற்கு மேல் நகரவில்லை. திங்கட்கிழமை காலை பார்த்தேன், அதே இடம். கருவி கெட்டிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அதை இருபது தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறேன், அம்மா “என்னங்க, உடம்புக்கு முடியலையா” என்று கேட்டாள். “ஞாயித்துக்கெழமை சாயங்காலத்துல இருந்து போட்டு சிக்னல் வரல” என்று சொல்லிவிட்டேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்தத் தாளைக் கொண்டு வந்து கட்டிலில் விரித்தேன். இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும், ஒட்டி ஒட்டி வளர்ந்திருக்கிறது. அவள் லங்காவியிலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள், கடைசிப் புள்ளிக்கு வந்ததும் விரலை எடுக்கவில்லை. “மூணு வருசமா என்னைய மட்டும் அழுக விட்டுட்டு நீங்க இதையா வரைஞ்சுக்கிட்டு இருந்தீக” என்று கேட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலையில் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை, ஆள் காணவில்லை என்றால் ஸ்டேஷனுக்குத்தானே போக வேண்டும். பாண்டிமீனா என்று ஓர் ஏட்டம்மா இருந்தார். பெயர், வயது, அடையாளம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவர் எந்த இடத்தில் காணாமல் போனார்கள் என்று கேட்டார். இந்துமகா சமுத்திரத்தில் என்று சொல்லி டிகிரிக் கணக்கைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. “அங்க எதுக்கு சார் போனாங்க?” என்றார். “அங்கதாம்மா குடியிருக்காக, போட்டுலயே” என்றேன். சின்னப் பிள்ளையுமா என்று கேட்டார், ஆமாம், ஆறு வயசு என்றேன். எழுந்து போய் எனக்கு ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். “நம்ம லிமிட்ல இல்ல சார். யாரு லிமிட்ல வருதுன்னு கேட்டுச் சொல்றேன், நீங்க உக்காருங்க” என்று தன் சொந்த ஃபோனை எடுத்து ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டார். ராமேஸ்வரம் பக்கம் கடலோரப் போலீஸில் வேலை பார்க்கும் ஒரு தோழியைப் பிடித்து, அவர் வழியாகக் கடலோரக் காவல் படைக்குப் போய், கடைசியில் மும்பையில் இருக்கும் மீட்பு மையத்தில் ஓர் அதிகாரி கிடைத்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, ஏட்டம்மா தன் டீயை எனக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த அதிகாரி இங்கிலீஷில் பேசினார், எனக்கு ஆபீஸ் இங்கிலீஷ் இருக்கிறதே, சமாளித்தேன். போட்டின் பெயர் என்ன என்று கேட்டார். நீர்க்கோழி என்றேன். அவர் வாயில் அது நுழையவில்லை, எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அவர் எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கும்போது கோழி கோலியாகிவிட்டது, எனக்கு அந்த நேரத்திலும் திருத்தாமல் இருக்க முடியவில்லை. எத்தனை அடி நீளம், பாய் என்ன நிறம், எத்தனை பேர், எந்தத் திசை, என்ன வேகம் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, நாலு நாளின் புள்ளிகளையும் படித்துக் காட்டினேன். நீங்கள் கடற்படையில் இருந்தவரா என்றார். இல்லை, பேரையூர் தாலுகாவில் நிலம் அளந்தவன் என்றேன். அவர் சொன்னது ஒன்றுதான் எனக்குப் பிடிமானமாக இருந்தது. உங்கள் போட்டில் ஓர் அவசரக் கருவி இருக்கிறது, முழுகினால் அதுவே சிக்னல் கொடுக்கும், கையால் அமுக்கினாலும் கொடுக்கும், அது இதுவரை அடிக்கவில்லை, இப்போதைக்கு அதை நல்ல சேதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பக்கம் போகும் கப்பல்களுக்கெல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அறிவிப்புக் கொடுப்பதாகவும், தினமும் காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிடுவதாகவும் சொன்னார். சொன்ன மாதிரியே கூப்பிட்டார், ஒருநாள்கூடத் தவறவில்லை.

வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டேன். பாய் ஒன்று கிழிந்திருந்தால் இவ்வளவு வேகம், இன்ஜின் இல்லையென்றால் இவ்வளவு, வெறுமனே நீரோட்டத்தில் மிதந்தால் இவ்வளவு என்று மூன்று விதமாகப் பென்சிலில் மூன்று கோடு இழுத்தேன். தினமும் காலையில் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புள்ளி வைத்து அந்த அதிகாரியிடம் படித்துக் காட்டுவேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரப்பரும் ஸ்கேலும் எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. எனக்கு அந்த நாட்களில் வேறொன்று நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது தாயி. நீங்கள் கிளம்பும்போது வாசலில் வைத்து உன்னிடம் நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும், நினைவில்லாமல் போயிருந்தால் நல்லது. “நடுக்கடல்ல என்னமும் ஆச்சுன்னா எனக்குச் சொல்லி விடாத, எனக்கு மகளே இல்லைன்னு இருந்துக்கிறேன்” என்றேன். இப்போது அப்படியே நடந்திருக்கிறதே, சொல்லிவிட ஆளே இல்லையே என்று இருந்தது. குளிக்கும்போது, மருந்துக் கடையில் நிற்கும்போது எல்லாம் அந்த வார்த்தை என் குரலிலேயே காதில் கேட்டது. அதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம், பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

பதினாறாம் தேதி பேரையூரில் உன் விருமாண்டி மாமா மகள் இசைவாணிக்குக் கல்யாணம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் ஊர் முழுக்க என்னவென்று கேட்கும், அதற்குப் போய்விட்டே வந்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். நான் சொந்தக்காரர்களிடம் உங்களைப் பற்றி இத்தனை நாளும் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குக் கப்பல் கம்பெனியில் வேலை, சிங்கப்பூரில் பதினாலாவது மாடியில் ஃபிளாட் என்று சொல்லியிருந்தேன். பதினாலாவது மாடி யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. மண்டபத்தில் பந்திக்குப் போகும் முன்னால் பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம், விருமாண்டி வந்து “என்ன மச்சான், மருமக வரலையா? சிங்கப்பூர்ல இருந்து நாலு மணி நேரம்தான, வந்துட்டுப் போயிருக்கலாம்ல” என்று கேட்டான். கல்யாணப் பெண்ணின் அப்பா, சந்தோஷமாகத்தான் கேட்டான். எனக்கு அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. “அவ சிங்கப்பூர்ல இல்ல மாப்ள. மூணு வருசமா ஒரு பாய்மரப் போட்டுலதான் குடும்பம் நடத்துறா. ஒரு வாரமா போட்டு எங்க இருக்குன்னு தெரியல” என்று சொல்லிவிட்டேன். மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

என்னைக் காறித் துப்புவார்கள், பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு இங்கே வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள் என்றுதான் நினைத்தேன். முதலில் பேசியது மலையாண்டிச் சித்தப்பா, எழுபத்தெட்டு வயசு, காது பாதிதான் கேட்கும், அவர் “குடிக்கத் தண்ணிக்கு என்னப்பா செய்றாக?” என்று கேட்டார். கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மிஷின் இருக்கிறது, மழைத் தண்ணீரும் பிடிப்பார்கள் என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான், ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சோறு எப்படிப் பொங்குவது, அடுப்பு ஆடாதா, பிள்ளை படிப்புக்கு என்ன, துணி எங்கே காயப்போடுவது, கக்கூஸ் இருக்கிறதா, சுறா வருமா என்று. அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், போட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நேராக நிற்கும் என்று அம்மா கையை ஆட்டிக் காட்டினாள். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தாள் இல்லையா, அன்றைக்குச் சொன்னாள் பார், நீ மீன் பிடித்துக் கருவாடு போட்டது, பாப்பா கயிற்றில் பதினோரு விதமாக முடிச்சுப் போடுவது, மாப்பிள்ளை போட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது எல்லாம். சொல்லிக்கொண்டே இருந்தவள் நடுவில் உடைந்து அழுதாள். பெண்கள் அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். விருமாண்டி என் பக்கத்தில் உட்கார்ந்து “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மச்சான். எம்புட்டு நாளு ஒத்தையில தூக்கிக்கிட்டு அலைஞ்சீக” என்று மட்டும் சொன்னான். மகள் கழுத்தில் தாலி ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நாங்கள் காரில் ஏறும் வரை அவன் என் கூடவே இருந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே ஃபோன் வந்தது. முன்னால் வந்ததால் பயந்துபோய், ஸ்பீக்கரில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அன்று விடியற்காலை ஒரு சரக்குக் கப்பல், தெற்கு மூன்று டிகிரி முப்பது நிமிடத்துக்குப் பக்கத்தில், சின்னப் பாயை மட்டும் கட்டிக்கொண்டு மேற்கே மெதுவாகப் போகும் ஒரு போட்டைப் பார்த்திருக்கிறது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை, கிட்டே போய் ஹாரன் அடித்திருக்கிறார்கள். மேல்தட்டில் மூன்று பேர் வந்து நின்றார்கள், ஒரு குழந்தை சிவப்புத் துண்டை ஆட்டியது, உதவி வேண்டுமா என்று சைகையில் கேட்டதற்கு அந்த ஆள் வேண்டாம் என்று இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டிவிட்டுச் செஷல்ஸ் பக்கம் கையை நீட்டினார் என்று அந்த அதிகாரி சொன்னார். எத்தனை பேர் என்று நான் மறுபடி கேட்டேன். மூன்று சார், ஒரு குழந்தையைச் சேர்த்து மூன்று என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன், அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். ஃபோனை வைத்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குத்தான் போனேன். பாண்டிமீனா அம்மா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், அவர் வரும் வரை வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருந்து சொல்லிவிட்டு வந்தேன்.

இருபதாம் தேதி நீ செஷல்ஸில் கரையேறி, அந்தத் தமிழ்க்காரர் மளிகைக் கடையிலிருந்து கூப்பிட்டாய். நான்தான் எடுத்தேன். நீ அம்மா என்றாய், அப்பா பேசுறேன் என்றேன். “போதும்ப்பா, என்னால முடியாது, வித்துட்டு வந்துர்றோம்” என்று அழுதாய். அதை அம்மா கேட்டுவிட்டாள். அன்று மத்தியானமே மாடி அறையைத் திறந்து கூட்டித் துடைத்தாள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று, பாப்பாவுக்கு ஒரு சின்னக் கட்டில் வந்தாயிற்று, இரண்டு பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் விசாரித்தாயிற்று. ஆறு தடவை மாடி ஏறுவது இதற்குத்தான். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு மனமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசிய நேரத்தையெல்லாம் கூட்டினாலும் அன்றைக்குப் பேசிய ஒரு மணி நேரம் வராது. “மாமா, நடந்தத உங்ககிட்ட நான்தான் சொல்லணும்” என்று ஆரம்பித்து எதையும் மறைக்காமல் சொன்னார். மேற்கே கருத்து வருவதைப் பார்த்துப் பாயைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே காற்று அடித்தது, பக்கத்தில் இடி விழுந்து கம்பி வழியாக மின்சாரம் பாய்ந்து வயர்லெஸ், டிராக்கர், இன்ஜின் ஸ்டார்ட்டர் எல்லாம் கருகியது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி ஒன்று அறுந்தது. தூரத்தில் முதல் இடி கேட்டபோதே கையடக்க ஜிபிஎஸ்ஸைச் சமையல் ஓவனுக்குள் வைத்து மூடியதால் அது மட்டும் பிழைத்தது என்றார். எதற்கு ஓவனில் என்று கேட்டேன், சுற்றிலும் இரும்புப் பெட்டி என்பதால் மின்சாரம் உள்ளே போகாது என்றார். நீ சுக்கானைப் பிடித்துக்கொள்ள, அவர் மரத்தில் பாதி தூரம் ஏறி அறுந்த கம்பிக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருக்கிறார். அவசரக் கருவியை ஏன் அமுக்கவில்லை என்று கேட்டேன். “போட்டு மிதக்குது மாமா, தண்ணி இருக்கு, சோறு இருக்கு, போற வழி தெரியுது. அமுக்குனா எங்கயோ போற கப்பல திருப்பி விட்டு, எங்கள ஏத்திக்கிட்டு போட்ட விட்டுட்டுப் போகச் சொல்வாங்க. ஏறும்போது பாப்பா நழுவுனா? அத விட மெதுவா போறது பத்திரம்னு பட்டுச்சு. ஆனா இங்க நீங்க என்ன பாடு படுவீங்கன்னு தினமும் நெனச்சேன்” என்றார். அம்மாவுக்கு அதில் இன்னமும் கோபம் இருக்கிறது, அமுக்கியிருந்தால் தனக்கு எட்டு நாள் முன்னாலேயே உயிர் வந்திருக்கும் என்கிறாள். நான் யோசித்துப் பார்த்தேன், அவர் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பிறகு அந்தப் பதினொரு நாளின் கணக்கை அவருடைய நோட்டிலிருந்து படிக்கச் சொல்லி என் தாளில் குறித்துக்கொண்டேன். என் நடுக் கோடு நாற்பது மைல்தான் தள்ளியிருந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ வந்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியை நீ கேட்டிருந்தால் பதிலுக்கு நான் டிக்கெட் அனுப்பியிருப்பேன். வேலையில் இருந்தபோது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வரப்புத் தகராறில் அடிதடி நடந்த அன்றைக்கு யார் சொன்னாலும் எல்லைக்கல் ஊன்ற மாட்டேன். அளப்பேன், குறித்துக்கொள்வேன், பத்து நாள் கழித்து வந்துதான் கல் ஊன்றுவேன். அதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு ஒரு நிலைக்கு வந்திருக்கும். நீ இன்னும் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறாய் தாயி. கம்பியை மாற்றி, போட்டைத் தண்ணீரில் இறக்கி, நல்ல வெயிலில் ஒரு நாள் மூன்று பேரும் துறைமுகத்துக்கு வெளியே போய்விட்டு வாருங்கள். போன பிறகும் உனக்குக் கடல் வேண்டாம் என்று பட்டால் வந்துவிடு, மாடி அறை இருக்கிறது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பதில் சொல்கிறேன். அப்படிப் படவில்லை என்றால் இரு. அப்பா மேல் இருந்த ரோஷத்துக்காக மட்டும் அங்கே இருந்துவிடாதே, அந்த ரோஷத்துக்கு இப்போது வேலை இல்லை. பாப்பாவையும் கேள். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே, இடி விழுந்தபோது அவள் என்ன செய்தாள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன், லைஃப் ஜாக்கெட்டைத் தானே மாட்டிக்கொண்டு, கயிற்றைக் கொக்கியில் கோத்துவிட்டு, எங்கே உட்கார என்று கேட்டாளாம்.

இருப்பதாக முடிவு செய்தால் சிலவற்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். அறுந்த ஒரு கம்பியை மட்டும் மாற்றாமல் எல்லாக் கம்பியையும் மாற்றுங்கள், அதே வயசுக் கம்பிகள்தானே மற்றவையும். சேதி அனுப்பும் கருவி இன்னொன்று வாங்கி அந்த ஓவனிலேயே வைத்திருங்கள். கிளம்பும் முன்னால் வழியையும் நாள் கணக்கையும் என் ஃபோனுக்கு அனுப்புங்கள், இனி நான் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியதில்லை. நீ வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கிறாய், போன வீடியோவில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. பாப்பாவுக்குத் தமிழ் எழுத்து ‘ற’வும் ‘ர’வும் குழம்புகிறது, வாரம் ஒரு பக்கம் எனக்குக் கடிதம் எழுதச் சொல், திருத்தி அனுப்புகிறேன். மாப்பிள்ளை கையில் கயிறு அறுத்த புண் ஆறிவிட்டதா என்று எழுது, கடல் தண்ணீர் பட விடாதே. நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆடிக்குள் ஒரு தடவை வந்து அந்தப் போட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருவதாக எண்ணம், வாந்தி வரும் என்கிறார்கள், வரட்டும்.

மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். மீனாட்சி உங்களுக்குக் கூடவே துணை நிற்பாள். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல், பாப்பாவுக்கு முத்தம். அம்மா இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை, என்ன எழுதினீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாள், வீட்டு விஷயம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மளிகைக் கடை முகவரிக்கு நாளைக் காலை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஊருக்கு வருவதாக முடிவு செய்தால் நேராக அம்மாவைக் கூப்பிட்டுச் சொல், அந்தச் சந்தோஷம் முதலில் அவளுக்குப் போகட்டும். கடலிலேயே இருப்பதாக முடிவு செய்தால் அவளிடம் நீ சொல்லாதே, என்னைக் கூப்பிடு. அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அருள்பாண்டி